அழிக்க வேண்டாம், சுருக்கினால் போதும்

நமது சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட குடும்பங்களின் விவரங்களை நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. காரணம், கம்ப்யூட்டரில் இடம் போதவில்லையாம். இணையத்தில் நாம் வைத்திருக்கும் இலவசக் கணக்கின் 15 ஜி.பி.யும் நிறைந்துவிட்டது. இன்னும் இடம் வேண்டுமென்றால் மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். "ஊரை விட்டுப் போனவர்கள், காலமானவர்கள் விலாசத்தையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனை கூடாது என்பது என் பணிவான கருத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி அழித்தாலும் இடம் மிச்சமாகப் போவதில்லை.

ரயில்வேயில் சிக்னல் - டெலிகாம் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். படித்தது டிப்ளமோ. கம்ப்யூட்டரைப் பாடமாகப் படித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு சங்க நூலகத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு பொழுதைக் கழிப்பவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இடம் எங்கே போயிற்று என்று முதலில் பார்க்க வேண்டாமா? உறுப்பினர் பதிவேடு, நூலகப் புத்தகப் பட்டியல், புத்தகம் வழங்கிய கணக்கு, சந்தா வரவு எல்லாம் சேர்ந்து ஒரே டேட்டாபேஸ் கோப்பு. அதன் அளவு 38 எம்.பி. மட்டுமே. ஆனால் ஒவ்வொரு நாள் இரவும் அதன் முழு நகல் ஒன்று இணையக் கணக்கில் போய் உட்காருகிறது. 38ஐ 365ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 14 ஜி.பி. வருகிறது. ஆக, இடத்தை அடைத்திருப்பது மறைந்த பெரியவர்கள் அல்ல. ஒரே பதிவேட்டை ஆண்டு முழுவதும் நகல் எடுத்து அடுக்கி வைத்திருக்கும் நாம்தான்.

சரி, பழைய பதிவுகளை அழித்தால் என்ன ஆகும்? நம்முடையது எஸ்.க்யூ.லைட் வகை டேட்டாபேஸ். அதில் ஒரு பதிவை நீக்கினால், அது இருந்த இடம் காலி என்று உள்ளே குறித்துக்கொள்ளப்படும். கோப்பு சிறுக்காது. யார்டிலிருந்து வண்டியை எடுத்துவிட்டால் தண்டவாளம் சுருங்கிவிடுமா? கோப்பைச் சிறிதாக்க 'வேக்யூம்' என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் விவரமும் போகும், 38 எம்.பி.யும் அப்படியே நிற்கும்.

செய்ய வேண்டியது சுருக்குவது. இது ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. கன்ட்ரோல் அறைக்கு எழுதும்போது சென்னை சென்ட்ரல் என்று யாரும் முழுதாக எழுதுவதில்லை, எம்.ஏ.எஸ். என்றால் போதும். இட்டார்சிக்கு ஈ.டி., பல்லார்ஷாவுக்கு பி.பி.க்யூ. திரும்பத் திரும்ப வருகிற நீளமான பெயருக்குச் சின்னக் குறி. லெம்பெல், ஸிவ் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட முறையும் ஏறக்குறைய இதேதான். முன்பு வந்த சொற்கூட்டம் மறுபடி வந்தால் அதை எழுதாமல், "இத்தனை எழுத்துக்குப் பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்" என்று மட்டும் குறித்துவிடும். இதோடு ஹஃப்மன் 1952இல் சொன்ன முறையும் சேரும். மோர்ஸ் தந்தியில் அடிக்கடி வருகிற ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, அபூர்வமாக வருகிற க்யூவுக்கு நான்கு தட்டு என்பது போல, அதிகம் வருவதற்குக் குட்டையான குறியும் குறைவாக வருவதற்கு நீளமான குறியும் கொடுப்பது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் 1992இல் வந்த ஜிஜிப் என்னும் கருவி. காசு கிடையாது.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. இன்று வழக்கத்தில் உள்ள யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லைக் கம்ப்யூட்டர் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாக வைத்துக்கொள்கிறது. ஆகப் பதினைந்து பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஏதாவது ஒன்று. மூன்றாவதுதான் உண்மையில் மாறுகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால் ஜிஜிப்புக்கு விருந்து சாப்பாடு மாதிரி! நம் பதிவேட்டிலோ சொந்த ஊர் என்ற பத்தியில் திருநெல்வேலியும் தஞ்சாவூரும் பாலக்காடும் நூற்றுக்கணக்கில் வருகின்றன. டேட்டாபேஸை முதலில் வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கி, பிறகு சுருக்கிப் பார்த்தேன். 38 எம்.பி.யாக இருந்த சமாசாரம் 5 எம்.பி.யில் அடங்கிவிட்டது. எக்ஸ்.இசட். என்ற இன்னொரு கருவி 4க்கும் கீழே கொண்டுவந்தது. அது நேரம் அதிகம் எடுக்கும். நமக்கு ஜிஜிப்பே தாராளம்.

கட்டளை என்றதும் பலர் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். ஜிஜிப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைத் தட்ட வேண்டும். அவ்வளவே. ஏ.டி.எம்.மில் இதைவிட அதிகம் தட்டுகிறோம்.

ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். யாராவது பதிவு செய்துகொண்டிருக்கும்போது நடப்பிலிருக்கும் டேட்டாபேஸின் மேலேயே ஜிஜிப்பை ஏவக் கூடாது. ஓடுகிற வண்டிக்கு அடியில் போய் நட்டு முடுக்குவது போல் ஆகும். தனியாக இறக்கிய கோப்பைத்தான் சுருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஜிஜிப் மூலக் கோப்பை எடுத்துவிடும். அது வேண்டுமானால் ஒரு சிறு கோடும் 'கே' எழுத்தும் சேர்த்துத் தட்ட வேண்டும். சுருக்கிய கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சிறு கோடும் 'டி' எழுத்தும். பிரேக் பவர் சர்டிபிகேட் இல்லாமல் வண்டி புறப்படாதல்லவா? அதுபோல் இந்தச் சோதனை முடியாமல் பழைய நகல் எதையும் நீக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு நகலை வேறு கம்ப்யூட்டரில் விரித்துப் பதிவேடு திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, சுருக்குவது பூட்டுவது ஆகாது. உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் உள்ளே இருப்பதால் கடவுச்சொல் தனியாகப் போட வேண்டும். பொங்கல் விழாப் படங்களை இப்படிச் சுருக்கலாமா என்று ஓர் அன்பர் கேட்டார். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, பிழிந்த கரும்பை மறுபடி பிழிவதில் பயனில்லை.

நகல்களும் இத்தனை வேண்டியதில்லை. கடைசி ஏழு நாட்களுக்கு நாளொன்று, அதற்கு முன் நான்கு வாரத்துக்கு வாரமொன்று, பன்னிரண்டு மாதத்துக்கு மாதமொன்று என்று வைத்தால் மொத்தம் 23. ஒவ்வொன்றும் 5 எம்.பி. என்றால் 115 எம்.பி. 15 ஜி.பி.யில் ஒரு மூலைகூட நிறையாது. இரவு இரண்டு மணிக்குத் தானே நடக்கும்படி கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்துவிடலாம்.

இத்தனை வலியுறுத்துவது எதற்காக என்றால், அந்தப் பழைய விவரங்களுக்கு இப்போது வேறு பிரதி கிடையாது. கையால் எழுதிய லெட்ஜர்கள் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே நம் சகோதரிகள் சிலர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்ததுதான் இந்த டேட்டாபேஸ். சென்ற ஆண்டு புனேயிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். அவருடைய தாத்தா 1968இல் இங்கே வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கே "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நம் பதிவேட்டில் தேடினோம். நீடாமங்கலம் ஜங்ஷனில் இறங்கிப் போக வேண்டிய ஒரு கிராமத்தின் பெயர், தெருவோடு கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அந்தத் தெருவிலிருந்தே போனில் பேசினார். ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி எங்கே கிடைக்கும்? நீக்கலாம் என்று சொல்லும் பட்டியலில் அந்தத் தாத்தாவின் பதிவும் இருக்கிறது.

தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருமுன் நிர்வாகக் குழு அன்பர்கள் ஒரு நாள் நூலகத்துக்கு வந்து, அவர்கள் கையாலேயே அந்தக் கட்டளையைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை இருப்பேன். சுருக்கிய கோப்பின் பிரதி ஒன்று தலைவர் வீட்டிலும் ஒன்று செயலாளர் வீட்டிலும் இருப்பது நல்லது. வரும்போது ஆளுக்கொரு பென்டிரைவ் கொண்டு வாருங்கள்.