படத்தில் பார்த்த படிக்கட்டைத் தேடி...

டோக்கியோவுக்குப் போகத் திட்டமிடும் ஒரு அனிமேஷன் ரசிகரின் நோட்டைத் திறந்து பார்த்தால் முதல் நாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலை 9 மணி: யோட்சுயா பக்கம் சுகா கோயில் படிக்கட்டு ('யுவர் நேம்'). 10 மணி: ஷினானோமாச்சி நடைமேம்பாலம் (அதே படம்). 11 மணி: ரொப்போங்கியில் தேசியக் கலை மையத்துக்குள் இருக்கும் காபிக்கடை (அதுவும் அதே படம்). மதியம்: தபாதா ஸ்டேஷனின் தெற்கு வாசல் சரிவு ('வெதரிங் வித் யூ'). மாலை: அங்கிருந்து ரயில் பிடித்து காமகுரா, கடலோர ரயில்வே கேட் ('ஸ்லாம் டங்க்')... செல்போனில் ஒவ்வொரு இடத்துக்கும் படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு காட்சி தயார். போக வேண்டியது, அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுக்க வேண்டியது, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியது.

"ஒரு கார்ட்டூனுக்காகவா இவ்வளவு செலவு?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமில்லை. கோபுரத்தையும் மீன் சந்தையையும் பார்க்கப் போகிறவரும் யாரோ எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டுதான் போகிறார். ஜப்பானில் இந்த வழக்கத்துக்கு 'சேய்ச்சி ஜுன்ரேய்' என்றே பெயர், அதாவது புனிதத் தல யாத்திரை. 2016-ல் இதற்கென்று ஒரு சங்கம்கூட ஆரம்பித்து, பார்க்க வேண்டிய அனிமே தலங்கள் 88 என்று பட்டியல் போடத் தொடங்கினார்கள். ஷிகோகு தீவில் பக்தர்கள் சுற்றி வரும் பௌத்தக் கோயில்கள் 88. எண் அங்கிருந்து வந்தது. குறும்புதான், ஆனால் மரியாதையான குறும்பு.

ஆக, படத்தை வைத்துப் பயணம் போவது தப்பே இல்லை. போட்டோவை வைத்துப் பயணம் போவதுதான் தப்பு. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை.

கேமரா தன் முன்னால் இருப்பதை எல்லாம் பிடித்துவிடும். மின்கம்பம், குப்பைத்தொட்டி, யாரோ காயப்போட்ட துணி, எல்லாம் தானாக வந்து விழும். வரைகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு மின்கம்பி காட்சியில் இருக்கிறது என்றால், அது இருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்து, உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அனிமேஷன் படத்தில் வரும் தெரு என்பது ஒருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்த தெரு. அப்படிப் பார்க்கிறபோது அவர் தனக்கு வேண்டாததை எடுத்துவிட்டு, வேண்டியதைச் சேர்த்தும் இருப்பார். அதனால் நிஜ இடத்துக்குப் போனால் எது பொருந்துகிறது என்பதைவிட எது பொருந்தவில்லை என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. அதே கோணத்தில் போட்டோ எடுக்கிறவர் அந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்.

இதற்கு நல்ல உதாரணம் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. 1995-ல் ஜிப்லி ஸ்டூடியோவிலிருந்து வந்த படம். திரைக்கதை மியாசாகி, இயக்கியவர் யோஷிஃபுமி கோன்டோ. அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் இது. 1998-ல், 47 வயதில், இறந்துபோனார். கதை ஒன்றும் பெரிசு இல்லை. ஷிசுகு என்ற பள்ளிக்கூடப் பெண் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ரயிலில் போகிறாள். பக்கத்தில் ஒரு குண்டுப் பூனை வந்து உட்காருகிறது. அது இறங்க, இவளும் இறங்கி அதன் பின்னாலேயே மேட்டில் ஏறுகிறாள். மேலே ஒரு பழம்பொருள் கடை.

அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறது. ஷிஞ்ஜுக்குவிலிருந்து கேயோ ரயிலில், வேகவண்டி பிடித்தால் ஏறக்குறைய அரைமணி நேரம். ஸ்டேஷன் பெயர் சேய்செகி-சகுராகாஓகா. (படத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள்.) படத்தில் வரும் 'கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டின் மெட்டை 2012 முதல் இந்த ஸ்டேஷனில் ரயில் வருவதற்கான அறிவிப்பு இசையாக வைத்தார்கள். மற்றபடி இது நகரத்து வேலைக்குப் போய்வருகிறவர்கள் குடியிருக்கும் சாதாரண ஊர். சுற்றுலாப் புத்தகம் எதுவும் இங்கே போகச் சொல்லாது.

ஸ்டேஷனை விட்டு நடந்தால் இரோஹாஸாகா என்ற வளைந்து வளைந்து ஏறும் சாலை. வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் படிக்கட்டும் உண்டு. ஷிசுகு ஓடுகிற படிக்கட்டுக்கு மாதிரி அதுதான். ஏறும்போது திரும்பிப் பார்த்தால் வீடுகள் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். படத்தில் அந்தச் சரிவில் ஒரு நூலகம் இருக்கிறது, நிஜத்தில் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்குப் போனால் ஒரு ரவுண்டானா. படத்தில் பழம்பொருள் கடை இருக்கும் இடம் அது. நிஜத்தில் கடை கிடையாது! வீடுகளும் ஒன்றிரண்டு சின்னக் கடைகளும்தான். அந்தக் கடையின் உருவத்தில் ஒரு பெட்டியை மட்டும் ஊர்க்காரர்கள் கீழே ஸ்டேஷன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

போட்டோ எடுக்க வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். படம் பார்த்து வந்தவருக்கோ இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. கோன்டோவின் குழுவுக்குக் கிடைத்தது ஒரு மேடும் ஒரு ரவுண்டானாவும். அங்கே ஒரு கடை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். இல்லாத கடைக்கு முன்னால் நின்றால் அந்த யோசனை புரிகிறது. கடையை நிஜமாகவே கட்டி வைத்திருந்தால் புரிந்திருக்காது. பக்கத்திலேயே கொன்பிரா கோயில், ரொம்பச் சின்னது. ஷிசுகுவிடம் ஒரு பையன் மனதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடம். யாரும் இல்லாத மதியத்தில் அங்கே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு மேலே சொன்ன நோட்டில் இடமே இல்லை.

ஆனால் ஒன்று. சாதாரண ஊர் என்றால் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோட்டைக்குக் கூட்டம் போனால் கோட்டைக்கு ஒன்றும் ஆகாது. தெருவுக்குப் போனால் ஆகும். காமகுராகோகோ-மாஏ ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட்டைப் பாருங்கள். 1990களில் வந்த 'ஸ்லாம் டங்க்' தொடரின் ஆரம்பப் பாட்டில் சில விநாடிகள் வந்த இடம், அவ்வளவுதான். பச்சை ரயில், பின்னால் கடல். 2022 கடைசியில் புதுப் படம் வேறு வந்து கூட்டத்தை ஏற்றிவிட்டது. ரயில் வரும் நேரம் பார்த்து ஆட்கள் கார் போகும் ரோட்டில் இறங்கி நிற்கிறார்கள். ஒழுங்குபடுத்தக் காவலாளிகளைப் போட வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடந்து போகிற பிள்ளைகளுக்கு அது 'லொகேஷன்' இல்லை, வழி. 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' கடைசியில் விடியற்காலையில் மேட்டிலிருந்து ஊரைப் பார்க்கும் காட்சி வருகிறதே என்று, ஐந்து மணிக்குக் கூட்டமாகப் போய் அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருப்பதும் இதே ரகம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'வெதரிங் வித் யூ' 2019 ஜூலையில் வந்தது. கதையில் மொட்டைமாடியில் கோயிலோடு வரும் பாழடைந்த கட்டடத்துக்கு மாதிரி, யோயோகி ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த யோயோகி கைகான். அடுத்த மாதமே அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அங்கே போனால் பார்க்க ஒன்றும் இல்லை. யாரும் பாதுகாக்க நினைக்காத ஒரு கட்டடம் கடைசியாக ஒரு படத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போய் அந்தக் கட்டடம் இல்லாததைப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு நல்ல அரைமணி நேரம்தான். நோட்டில் யாரும் எழுத மாட்டார்கள். :-)

சரி, அப்படியானால் எப்படித்தான் திட்டமிடுவது? ஒரு நாளுக்கு ஒரு படம், ஒரு பேட்டை. இடத்தைவிடப் பொழுதைப் பார்க்க வேண்டும். 'தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' (2013) மழையைப் பற்றிய படம். மழைநாள் காலையில் பள்ளிக்கு மட்டம் போடும் பையனும் வேலைக்குப் போகாத ஒரு பெண்ணும் ஷிஞ்ஜுக்கு கியோஎன் தோட்டத்து மண்டபத்தில் சந்திக்கிறார்கள். அங்கே நல்ல வெயிலில் போய் என்ன பிரயோஜனம்? ஜூனில் மழைக்காலம். மழை பெய்யும் ஒரு காலையில், 9 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. நுழைவு 500 யென். மாணவர்களுக்குப் பாதி, அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். படத்தில் அந்தப் பெண் பீர் குடித்துக்கொண்டிருப்பாள். தோட்டத்தில் மதுவுக்கு அனுமதி இல்லை என்று படக்குழுவே கடைசியில் எழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறது. ஒரு குடையும் ஒரு டீ பாட்டிலும் போதும்.

மழை ஏமாற்றிவிட்டால் அன்றைக்குச் சேய்செகிக்கு வண்டி ஏறிவிடலாம். அந்தப் படிக்கட்டில் ஏற ஈரம் இல்லாத நாள்தான் சௌகரியம்.