பைசாந்தியச் சிற்பமும் நம் திருமேனிகளும்

பைசாந்தியச் சிற்பம் கிரேக்கக் கலையின் வீழ்ச்சியே என்பார் சிலர் உளர். தசைத் திரட்சியும் உடல் நெளிவும் அதன்கண் இல்லை என்பதே அவர் காட்டுங் குற்றம். அவ்வளவுகோலையே நம் திருமேனிகள் மீதும் வைத்துக் குறைகூறுவர். இஃது ஆராயாதார் கூற்றென்பது காட்டுதும்.

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட அக்கிறித்தவப் பேரரசிலே, 8, 9ஆம் நூற்றாண்டுகளில், படிமங்கள் போற்றத்தக்கனவோ என்னும் பெரும்பூசல் நிகழ்ந்தது, பல அழிக்கப்பட்டன. 787இல் நைசியாவிற் கூடிய சங்கம், படிமத்துக்குச் செய்யும் வணக்கம் அதனாற் குறிக்கப்பட்டாரையே சாரும் என்றது. 843இல் அம்முடிபே நிலைபெற்றது. பின்னரும் அவர்கள் முழுவுருவச் சிலைகளைப் பெரிதும் விலக்கித் தந்தத்திற் புடைப்புருவங்களையே செதுக்கினர். நேர்நோக்கிய முகமும் அசைவற்ற நிலையும் கைத்திறக் குறைவல்ல, வழிபாட்டின் விளைவு.

இனி, ஆவடிக்கு அணித்தாகிய திருமுல்லைவாயிலிற் சென்று காண்க. தொண்டைமானின் வாள் பட்டதென்று தலபுராணங் கூறும் மாசிலாமணியீசர் இலிங்கத் திருமேனி சந்தனக் காப்பினுள் மறைந்துள்ளது. அங்க இலக்கணம் அளப்பார் ஆண்டு எதனை அளப்பர்? சுந்தரமூர்த்தி நாயனார் அங்குப் பாடியது எத்தசைத் திரட்சியைக் கண்டு?

அன்றியும், பைசாந்தியர் படிமத்தைக் குறி என்ற அளவிலே நிறுத்தினர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரமோ, திருக்கோயிலுள் விளங்கும் திருமேனியைச் சிவமெனவே கண்டு வழிபட விதிக்கின்றது. குறி என்றார்க்கே உடலளவை பொருந்தாதெனின், சிவமே என்பார்க்கு அது பொருந்துமாறு யாங்ஙனம்? கலை ஆராய்வார் நம் கருவறையை நோக்குமுன் தம் அளவுகோலை வாயிற்புறத்தே வைத்து வருவாராக.