மீனை யார் எண்ணுவது?



ஏப்ரல் 15 வந்துவிட்டால் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசைகட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பது அரசு சொல்லும் காரணம். சந்தையில் விலை ஏறும், வஞ்சிரம் வாங்க நினைத்தவர்கள் சங்கராவோடு திரும்புவோம். தடைக்காலம் என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த நாட்களை எந்தக் கணக்கை வைத்துக் குறித்தார்கள், அந்தக் கணக்கில் தினமும் கடலுக்குப் போகிறவரின் சொல்லுக்கு எவ்வளவு இடம் என்று நாம் கேட்டதில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்குத் தடையை மாற்றுங்கள் என்று நம் மீனவர்களில் ஒரு சாரார் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அது சரியா தவறா என்பதை விடுங்கள். அவர்கள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து எழுதிக்கொண்டார்களா என்பதுதான் என் கேள்வி.

கடலின் கணக்கைக் கடலோடிகள் இல்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஒரு பெரிய பாடம் வைத்திருக்கிறது. சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காட் லிவர் ஆயில் குடித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் காட் மீன் கொழித்துக் கிடந்த கடல்களில் ஒன்று கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கடல். 1497இல் ஜான் காபட் அந்தப் பக்கம் போய்வந்தபோது, வலை கூட வேண்டாம், கூடையை இறக்கினாலே மீன் அள்ளலாம் என்ற சேதி ஐரோப்பாவில் பரவியது. அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அந்தக் கரையின் குடும்பங்கள் அந்த ஒரு மீனை நம்பிப் பிழைத்தன. 1968இல் மட்டும் எட்டு லட்சம் டன் பிடிபட்டது. அதில் பெரும்பங்கு அயல்நாட்டு இழுவைக் கப்பல்களுடையது. 1977இல் கனடா 200 கடல் மைல் வரை தன் எல்லை என்று அறிவித்து அந்தக் கப்பல்களுக்குக் கடிவாளம் போட்டது. இனி விஞ்ஞானிகள் மீனைக் கணக்கெடுப்பார்கள், அரசு அளவோடு பிடிக்கவைக்கும், ஒரு குறையும் வராது என்று எல்லோரும் நம்பினார்கள்.

கணக்கு இரண்டு வழியில் வந்தது. அரசின் ஆய்வுக் கப்பல் ஆண்டுதோறும் ஆழ்கடலில் வலை இழுத்துப் பார்த்தது ஒன்று. பெரிய இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மீன் பிடிக்கின்றன என்பது இன்னொன்று. கரையோரத்தில் சின்னப் படகில் தூண்டில் போட்டும், குடாக்களில் கூடு போன்ற வலை கட்டியும் பிடித்தவர்களின் அனுபவம் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. 1980களில் அவர்களுக்கு மீன் குறைந்தது. கிடைத்த மீனும் சிறுத்தது. அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கப்பல்களின் கணக்கோ மீன் பெருகுவதாகக் காட்டியது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். காட் மீன் குறையக் குறைய, மிஞ்சிய மீன்கள் சில இடங்களில் நெருங்கிக் கூடின. மீன் எங்கே என்று காட்டும் கருவி வைத்திருந்த கப்பல்கள் நேரே அங்கே போய் வலை இறக்கின. ஆள் வராத பொதுக்கூட்டத்தில் வந்தவர்களை மேடைக்கு முன்னால் நெருக்கி உட்காரவைத்துப் படம் எடுத்தால், மறுநாள் பத்திரிகையில் கூட்டம் அலைமோதியதாகத்தானே தெரியும்? கப்பல்களின் மணிக்கணக்கு அப்படிப்பட்ட படம். மைதானத்தின் ஓரங்கள் காலியாகிவிட்டதை அறிந்தவர்கள் ஓரத்தில் நின்ற கரையோர மீனவர்கள் மட்டும்தான்.

பொறுத்துப் பார்த்த அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கரையோர மீனவர் சங்கம் தானே முன்வந்து, உயிரியல் ஆய்வாளர்களிடம் அரசின் கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னது. இருப்பை அரசு மிகையாக மதிப்பிடுகிறது என்று 1986இல் அறிக்கை வந்தது. பேசினார்கள், குழு போட்டார்கள், காலம் ஓடியது. 1989இல் அரசின் விஞ்ஞானிகளே தங்கள் கணக்கைத் திருத்தி, அந்த ஆண்டு 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்றார்கள். வேலை போய்விடும் என்று அஞ்சிய அமைச்சரோ 2,35,000 டன் என்று நிர்ணயித்தார். ஆகவே பழியை விஞ்ஞானத்தின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. 1992 ஜூலை 2ஆம் நாள், வடக்குக் காட் எனப்படும் இந்த மீனைப் பிடிப்பதை நிறுத்துவதாக மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அறிவித்தார். முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொன்ன தடை 32 ஆண்டுகள் நீடித்தது.

பட்ட பிறகு வந்த புத்தி என்றாலும் அடுத்து கனடா செய்ததை நான் மதிக்கிறேன். 1995இல், தடையால் கரையில் உட்கார்ந்திருந்த மீனவர்களையே கணக்கெடுக்க அழைத்தார்கள். மீனவர் தொழிற்சங்கமும் அரசும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு அது. ஒவ்வொரு பகுதியிலும் பயிற்சி பெற்ற மீனவர்கள், ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே வகை வலையையும் தூண்டிலையும் இறக்குவார்கள். ஒவ்வொரு மீனின் நீளத்தையும் அளப்பார்கள். ஆணா பெண்ணா, சினைப் பருவமா என்று வயிற்றைக் கீறிப் பார்ப்பார்கள். தலைக்குள் இருக்கும் சிறு செவிக்கல்லை எடுத்து உறையில் போட்டு அனுப்புவார்கள். மரத்தின் வளையம்போல் அந்தக் கல்லில் இருக்கும் கோடுகள் மீனின் வயதைச் சொல்லும். தாத்தா காலத்திலிருந்து மீன் வரும் இடம் எது என்று அறிந்தவர், அந்த அறிவை எண்ணாக எழுதத் தொடங்கினார். அந்த எண்கள் அரசின் கணக்குக்குள் போயின.

ஆனால் கதை நல்லபடியாக முடிந்துவிடவில்லை. 2024 ஜூனில் கனடா அரசு தடையை நீக்கி, அந்த ஆண்டுக்கு 18,000 டன் என்று அறிவித்தது. மீனவர் தொழிற்சங்கமே அதை எதிர்த்தது. பெரிய இழுவைக் கப்பல்களுக்கு மறுபடி கதவு திறக்கிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கணக்கெடுக்க மீனவர் வேண்டும், முடிவெடுக்கும்போது வேண்டாம் என்பது எந்த ஊரிலும் கசப்பில்தான் போய் நிற்கும்.

நம் கரைக்கு வருவோம். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நம் மண்டபம் ஊரைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. இன்று கொச்சியிலிருந்து இயங்குகிறது. அதன் பணியாளர் ஒருவர் மீன் இறங்குதளத்தில் எப்படிக் கணக்கெடுக்கிறார் தெரியுமா? முதல் நாள் பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 மணிக்கு வந்து 12 வரை நிற்பார். வந்த படகுகளில் சிலவற்றை முறைப்படி தேர்ந்து, எந்த மீன் எவ்வளவு என்று குறிப்பார். நடுவில் இருக்கும் இரவுக்கு? கரையில் இருப்பவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். எவ்வளவு நேரம் வலை இழுத்தார்கள் என்பதும் கேட்டு அறிவதுதான். வெயிலிலும் ஐஸ் தண்ணீரிலும் நின்று அவர்கள் செய்கிற வேலை பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் கணக்கு ஏற்கெனவே மீனவர் சொல்லின் மேல்தான் பாதி நிற்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தச் சொல்லை ஓரத்துக் குறிப்பாக வைக்காமல், முறையான பங்காக ஆக்குவதில் நமக்கு என்ன தயக்கம்?

கரையில் நிற்பவருக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. கடலிலேயே திருப்பிக் கொட்டிய குஞ்சு மீனைத் தளத்தில் நின்று பார்க்க முடியாது. வலை வெறுமனே வந்த இடம் எது என்று கூடை சொல்லாது. சென்னை ஊரூர் குப்பத்தில் நீரோட்டத்தை வன்னி, தெண்டி என்று பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். எந்த ஓட்டத்தில் எந்த மீன் வரும் என்ற நினைவு அந்தப் பெயர்களோடு ஒட்டியிருக்கிறது. ஒரே மீனை நம்பிய நியூஃபவுண்ட்லாந்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு மடி இழுத்தால் சூடை, காரல், நெத்திலி, கணவாய், இறால் என்று இருபது முப்பது வகை கொட்டும் நம் கடலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இருப்புக் கணக்கு போட எத்தனை ஆய்வாளர் வேண்டும்?

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். மீன் சந்தையில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவை. காலை முதல் மதியம் வரை அவர் எத்தனை மீனின் வயிற்றைக் கீறுகிறார்! எந்த மாதம் எந்த மீனில் சினை இருக்கிறது, எந்த அளவு மீனிலேயே சினை வந்துவிடுகிறது என்பது அவர் விரலுக்குத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தை அறிய ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதே வயிற்றைத் திறக்கும் வேலைதான். அவர் கையில் அளவுகோலையும் ஒரு நோட்டையும் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்தால் தடைக்காலம் பற்றிய வாக்குவாதத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் 1980களில் ஏற்றுமதிக்காக மட்டி அள்ளத் தொடங்கினார்கள்; பிடிப்பு 1991இல் 10,000 டன்னைத் தொட்டு, இரண்டே ஆண்டில் பாதியாக விழுந்தது. ஆய்வாளர்கள் சொன்ன யோசனையை மட்டி எடுப்பவர்கள் ஏற்றார்கள்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதில்லை, 30 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண் உள்ள வலை இல்லை. பின்னால் அவர்களும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வியாபாரிகளும் ஒரே சபையில் உட்கார்ந்தார்கள். 2014இல் வளம் குன்றாமல் பிடிப்பதற்கான உலகத் தரச்சான்று இந்தியாவில் முதன்முதலாக அந்த மட்டிக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகும் அங்கே மட்டி குறைந்ததும், மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சுகளை விட வேண்டி வந்ததும் உண்மை. காயலைக் கெடுக்கும் எல்லாமும் மட்டி அள்ளுபவர்கள் கையில் இல்லையே. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவியான லட்சுமி மூர்த்தி 2015இல் சுற்றுச்சூழலுக்கான சீகாலஜி பரிசு பெற்றார். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையும் கரையில் எழுந்த சண்டைக்குத் தீர்வாகப் பிறந்ததுதான்.

மீனவர் சொன்னதெல்லாம் வேதம் என்று சொல்ல மாட்டேன். கடன் கழுத்தை நெரிக்கும்போது எவரும் நாளைய மீனை நினைப்பதில்லை. இழுவைமடி முதலாளியும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கடலைப் பற்றி ஒரே மாதிரி பேச மாட்டார்கள். பழவேற்காட்டின் பாடு முறை, இறால் பிடிக்கும் இடத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கிடும் பழைய அழகான ஏற்பாடு. ஆனால் அது உரிமை உள்ள ஊராருக்கு மட்டும்தான், வேறு சாதியில் பிறந்து அதே ஏரியை நம்பியிருப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள். சமூகத்தைச் சேர்ப்பது என்றால் யாரையெல்லாம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மீனவர் பிடித்த அளவைக் குறைத்துச் சொல்கிறார் என்று குறைப்படுகிறீர்கள். சொன்ன எண் நாளைக்குத் தடையாகவோ மானிய டீசல் வெட்டாகவோ தன் மேலேயே விழும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. எடுத்த கணக்கை அந்த ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்து, தமிழில், மீன்களின் ஊர்ப் பெயரில் இறங்குதளத்தில் எழுதி வையுங்கள். ஏலக்கூடத்தில் உட்கார்ந்து விவாதியுங்கள். அடுத்த முறை அவர் சரியான எண்ணைச் சொல்வார்.

கடைசியாக, கரையோர வாசகர்களுக்கு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். முன்பு வலையில் வந்து இப்போது வராத மீன் எது, எப்போதிலிருந்து வரவில்லை, எந்த மாதம் எந்த மீனில் சினை பார்க்கிறீர்கள், எந்தக் காற்றில் எது வரும். மீனின் பெயரை உங்கள் ஊரில் சொல்கிறபடியே எழுதுங்கள், ஊர்ப் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம். தொகுத்து மீன்வளத் துறைக்கும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்