வேரையும் பார்ப்போம்

போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவுகளிலும் ஆனி, ஆடிக் காற்றில் தோட்டத்து மக்காச்சோளச் செடிகள் சில சாய்கின்றன. சில நிமிர்ந்து நிற்கின்றன. நிற்பவற்றின் அடிக்கணுக்களை நோக்கினால், தரைக்கு மேலே கிளைத்து மண்ணில் ஊன்றிய முட்டு வேர்களைக் காணலாம்.

மெக்சிகோ மலைநாட்டு உழவர்கள் வழிவழியாகக் காத்த ஒரு ரகம், கணுவேர்களில் ஊறும் பசையில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால், தனக்கு வேண்டிய தழைச்சத்தில் 29 முதல் 82 விழுக்காடு வரை காற்றிலிருந்தே பெறுவதை 2018-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அவ்விதை அழிந்திருந்தால் அவ்வுண்மையும் மறைந்திருக்கும்.

வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டும். நாட்டு விதையோ நம் கையிருப்பு. ஆகவே அங்கத்தினர்கள் கதிரை மட்டுமன்றி வேரையும் பார்த்து, ஒன்றிரண்டில் அல்லாது பல செடிகளில் விதை எடுக்கட்டும். அதனைச் சேமித்து வழங்கச் சங்கம் முன்வர வேண்டுமென்பது நம் கருத்து.