அரியரும் கந்துவட்டியும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்லூரி பஸ் ஏறும் பிள்ளைகள், பாடச்சுமை தாங்கவில்லை என்கிறார்கள். பொய்யில்லை. எங்கள் பி.யூ.சி. காலத்தில் வருஷத்துக்கு ஒரே பரீட்சை. கடைசி இரண்டு மாதம் முட்டிமோதினால் கரையேறலாம். இப்போது செமஸ்டர்.

பொறியியலுக்கு 160 கிரெடிட் போதும் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2018-இல் மாதிரிப் பாடத்திட்டத்தைக் குறைத்தது. அதுவே எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் தலைக்கு 20. ஒரு பாடம் அரியர் விழுந்தால் அடுத்த 20-ஓடு அதுவும் சேரும். கந்துவட்டிதான்!

கணித மேதை ராமானுஜன்கூட, கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். ஆகவே பிள்ளைகளே, பிடிக்காத பாடத்துக்குத் தினமும் முதல் ஒரு மணி நேரம் கொடுங்கள். நம்ம ஆண்டாள் தேரும் ஒரே இழுப்பில் நிலைக்கு வருவதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று: அரியரைச் சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள். அடுத்த முறை மறைத்துவிடுவான். மறைத்த கடன்தான் ஆளை விழுங்கும்.