நம் கரையைப் படிக்கக் கிரேக்கம் வேண்டும்

“இரசாயனம் படிக்கும் உனக்குக் கிரேக்க இலக்கணம் எதற்கு?” என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை என் ஊர்ப்பக்கத்தில் இருக்கிறது.

பாறசாலையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின்கரைக்கு மேற்கே, கடலோரத்தில் இருப்பது விழிஞம். ஆய் மன்னர் ஆண்ட துறை. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்கத்தில் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடற்பயண நூல், இக்கரையில் ‘பலித’ என்றொரு நல்ல துறைமுகத்தைக் குறிக்கிறது. அது விழிஞமே என்பர் சிலர்; வர்க்கலை என்பர் வேறு சிலர்.

யார் சொல்வது சரி? அகழ்ந்தெடுத்த பானையோட்டின் மண்ணை நான் சோதிக்கலாம். அது எந்நாட்டு மண் என்றும் கூறலாம். ஆனால் ஓடு ஊர்ப்பெயர் சொல்லாது. அதற்கு நூல் வேண்டும். மொழிபெயர்ப்புப் போதாதா? போதாது. அந்நூல் நமக்குக் கிடைப்பது பத்தாம் நூற்றாண்டுப் படி ஒன்றினால்தான். அதிலும் பிழைகள் மலிந்துள்ளன. பிழையை எப்படித் திருத்தினார், ஏன் திருத்தினார் என்பதை அறியாமல் மொழிபெயர்ப்பாளரை நம்புவது, சோதனை செய்யாமல் விடையை எழுதுவது போன்றது. நம் கரையின் வரலாற்றைப் பிறர் முடிவு செய்ய, நாம் கேட்டுக்கொண்டிருப்பதா?

கடினம் என்று அஞ்ச வேண்டா. இலத்தீனுக்கு வேற்றுமை ஆறு, கிரேக்கத்துக்கு ஐந்து, எட்டு வேற்றுமை கற்ற நமக்கு இவை மலையல்ல. ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டியதில்லை. இலத்தீனிலும் ‘வேனி’ என்ற ஒரு சொல்லே அதனைச் சொல்லிவிடும். ‘எனக்கு வீடு உண்டு’ என்பதை ‘மிஹி டோமுஸ் எஸ்ட்’ என்று நான்காம் வேற்றுமையிலேயே சொல்வர். ஆங்கில மாணவனுக்குப் புதிதாகத் தோன்றுவது நமக்கு வீட்டுப் பேச்சு!

“முதலில் தமிழ்க் கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்” என்பீர்கள். ஒப்புகிறேன். எல்லைக் கிராமத்தில் மலையாளத்தில் படித்த எனக்கு வட்டெழுத்தும் அயல் எழுத்தே. இரண்டையும் கற்போம், ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். கடல் கடந்து வந்தவர் நம் இலக்கணத்தைக் கற்றார். அவர் எழுதிய மொழியின் இலக்கணத்தை நாம் கற்கலாகாதா?

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வாரம் இரு மாலை: ஒன்று கிரேக்க, இலத்தீன் இலக்கணத்துக்கு, மற்றொன்று வட்டெழுத்துக்கும் தொல்பொருளியலுக்கும். குருமடங்களில் அம்மொழிகள் கற்ற பாதிரிமார் உளர், அணுகிக் கேட்போம்.

பாறசாலைக்கு அப்பால் பார்த்திவபுரம் என்றோர் ஊர். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே தொண்ணூற்றைந்து மாணவர்க்குச் சாலை அமைத்தான், செப்பேடு சொல்கிறது. அன்று ஒரு சிற்றூரில் தொண்ணூற்றைந்து பேர் கூடினர். இன்று இப்பெரிய பல்கலைக்கழகத்தில் பத்துப் பேர் கிடைக்கமாட்டார்களா? முதல் பெயர் என்னுடையது. அடுத்தது யாருடையது?