தோடர் வீட்டைக் காப்பாத்தணுமா? முதல்ல புல்லைக் காப்பாத்துவோம்!

மசினகுடிக்கு வீக்எண்ட் ட்ரிப் பிளான் பண்ணி ரூம் தேடினால், சில ரிசார்ட்களில் ‘ட்ரைபல் ஹட்’ என்று ஒரு ஆப்ஷன் வரும். சிமென்ட் சுவர், மேலே அலங்காரத்துக்குக் கொஞ்சம் புல். அதுக்குத் தனி ரேட்!

அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஊட்டி. நிஜமாகவே புல்லும் மூங்கிலும் வைத்து வீடு கட்டத் தெரிந்த தோடர் மக்களின் ஊர் இது. ஆனால், இன்று அவர்களில் பெரும்பாலானோர் வசிப்பது கான்கிரீட், ஓட்டு வீடுகளில். பழைய பாணி வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. இதை எப்படிக் காப்பாற்றுவது? நம்ம சட்டங்கள் இந்த வீட்டைப் புரிந்துகொள்ளவே இல்லை என்பதுதான் என் கருத்து.

அப்படி என்ன ஸ்பெஷல்?

தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களின் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். வீடு பார்க்க, பாதியாக அறுத்துக் கவிழ்த்த பீப்பாய் மாதிரி இருக்கும். சுமார் 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். மூங்கிலை வில்லாக வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். வாசல் சுமார் 3 அடிதான். தவழ்ந்துதான் உள்ளே போகணும். ஊட்டிக் குளிருக்கும் காற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான டிசைன் கிடைப்பது கஷ்டம்.

கோயில்களும் இதே முறையில்தான் கட்டப்படுகின்றன. ஊட்டி அருகே முத்தநாடு மந்தில் இருக்கும் ‘மூன்போ’ கோயிலோ கூம்பு வடிவம். ஆண்டுதோறும் மொற்பர்த் பண்டிகை நடப்பது அங்கேதான்.

ஒரே கூரை, இரண்டு பார்வை

சுற்றுலா போஸ்டரில் இந்த வீடு ‘பாரம்பரியம்’. அதே புல் கூரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தற்காலிகக் கூரை, அதாவது ‘கச்சா’ பட்டியலில் வரும். 2023-ல் தொடங்கிய பிஎம்-ஜன்மன் திட்டத்தில், மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு வீடு கட்ட 2 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவில் இருக்கும் 6 பழங்குடிகளில் தோடரும் உண்டு. ஆனால், திட்டம் கேட்பது ‘பக்கா’ வீடு.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். கான்கிரீட் வீடு வேண்டும் என்று தோடர்கள் கேட்டால் அதில் தப்பே இல்லை. தவழ்ந்து நுழைவதும், அடுப்புப் புகையும், திரும்பத் திரும்பக் கூரை வேய்வதும் சிரமம்தான். நமக்கு போட்டோ எடுக்க வேண்டும் என்பதற்காக யாரும் மியூசியத்தில் வாழ முடியாது. ஆனால், பழைய பாணியில் கட்ட ஆசைப்படுகிறவருக்கு அந்த வழியே இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

சட்டத்துக்குக் கல்தான் தெரியும்

1958-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, ஒரு கட்டடம் பழமையான நினைவுச்சின்னம் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 100 ஆண்டுகள் ஆகியிருக்கணும். கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஊட்டி ‘ஸ்டோன் ஹவுஸ்’ மாதிரியான கல் கட்டடத்துக்கு இந்தக் கணக்கு சரி. தோடர் கூரையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அதில் 100 வயது ஆனது கட்டும் முறைதான். பொருள் எப்போதும் புதுசு.

அப்படியே அறிவித்தாலும் சிக்கல். 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாக எதுவும் கட்ட முடியாது. அப்புறம் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒரு ரூம் கூட இழுக்க முடியாது!

ஜப்பானில் இசே கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரத்தில் மறுபடி கட்டுகிறார்கள். கடைசியாக 2013-ல், 62-வது முறை. அதைப் ‘புதுசு’ என்று யாரும் ஒதுக்குவதில்லை. பாரம்பரியத்தின் அசல் தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் கண்ணால்தான் பார்க்கணும் என்று 1994 நாரா ஆவணமே சொல்லிவிட்டது.

புல் எங்கே போச்சு?

இங்கேதான் மேட்டர் சீரியஸ் ஆகுது. கோயில் கூரைக்கு எந்தப் புல்லையும் போட முடியாது. ‘எரியோகிரிசிஸ் ரங்காசாரி’ என்ற, மலைச் சதுப்பு நிலத்தில் மட்டும் வளரும் அரிய புல் வேண்டும். அந்தப் புல்வெளிகளும் சதுப்புகளும் சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களுக்கும், தேயிலைக்கும், காய்கறி வயல்களுக்கும், அணைகளுக்கும் போய்விட்டன. வீட்டையாவது கான்கிரீட்டில் கட்டிக்கொள்ளலாம். புல் இல்லையென்றால் கோயிலை என்ன செய்வது? ஒரு சமூகத்தின் வழிபாடே ஒரு செடியை நம்பி நிற்கிறது.

என்ன செய்யலாம்?

2006 வன உரிமைச் சட்டத்தில் மூங்கிலும் பிரம்பும் சிறு வனப்பொருட்கள். அவற்றைச் சேகரிக்கும் உரிமை பழங்குடிகளுக்கு உண்டு. என்னைக் கேட்டால், தோடர் வீட்டைக் காக்கும் நிஜமான பாரம்பரியச் சட்டம் இதுதான். ஒவ்வொரு மந்துக்கும் அந்த உரிமை முழுசாகக் கிடைக்கணும். அந்நிய மரங்களை அகற்றும் திட்டங்களில், கூரைப் புல் வளரும் சதுப்புகளை மீட்பதையும் சேர்க்கணும். புல் எங்கே வளர்ந்தது என்று தோடர் பெரியவர்களிடமே கேட்கலாம். வீட்டுத் திட்டத்தில், விரும்புகிறவர்கள் தங்கள் பாணியில் கட்டவும் பணம் தரணும். கூரை வேயத் தெரிந்தவருக்கு அதில் கூலியும் சேரணும்.

அடுத்த முறை மசினகுடியில் அந்த ‘ஹட்’ ஆப்ஷனைப் பார்த்தால் ஒன்று யோசியுங்கள். புல் கூரைக்குக் காசு கொடுக்க நாம் ரெடி. அந்தப் புல் வளர ஒரு துண்டு ஈர நிலம் விட்டுவைக்க ரெடியா?